மாப்பிள்ளையின் மூடிய கண்கள்

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில், ஈப்போ நகரில் அண்ணன் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தேன். அதற்கு முன் ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் ரேடியோ பாகங்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் என் பிரச்சினை ஒன்றுதான். உட்கார்ந்த இடத்தில் என்னால் இருக்க முடியாது. அச்சான படங்களில் இருக்கும் பருக்களையும் தழும்புகளையும் மெல்லிய தூரிகையால் மறைப்பது ஸ்டூடியோவில் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு படத்தை முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கோப்பெங்கில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனார். மேடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்ற படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அடுத்ததற்கு ஃப்ளாஷ் எரியவில்லை, அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. தேறிய அந்தப் படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மூடிய இமைமேல் நான் தூரிகையால் கண் வரைந்து பார்த்தேன். கொலு பொம்மை மாதிரி விழித்தது. அந்த அச்சைக் கிழித்துப் போட்டேன்.

கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றித் திருத்தலாம் என்ற செய்தி அப்போது எங்கள் காது வரை வந்திருந்தது. எப்படியும் ஒன்று வாங்கவேண்டும் என்று அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தார். எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. இன்றைக்கு இயங்குதளம் என்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் ‘சிஸ்டம்’.

அண்ணன் பார்த்துவைத்தது டாஸ் சிஸ்டம். அதை விற்ற சீன இளைஞனின் கடைக்கு மாப்பிள்ளை படத்தோடு போனேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை தட்டவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் ‘தவறு’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ஆனால் படம் வந்தபோது நிறத்தோடு வந்தது. மாலையின் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு மனசு குதித்தது. மாப்பிள்ளையின் இமையை நகர்த்தத்தான், அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக நகர்த்தவேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இன்னொரு சிஸ்டம் எங்களுக்குத் தெரிந்து ஈப்போவில் ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் வாடிக்கையாளரான செட்டியார் ஒருவர் சிறிய விளம்பர அலுவலகம் நடத்தினார். அவர் மேசைமேல் ரொட்டி டின் அளவுக்கு ஒரு பெட்டி, பக்கத்தில் வாலோடு ஒரு மவுஸ். கட்டளையே வேண்டாம். கையை நகர்த்தினால் திரையில் அம்பு நகர்ந்தது. பிடிக்கலாம், இழுக்கலாம், வேண்டாததை அழிக்கலாம். தூரிகை பிடித்த கைக்கு அது உடனே புரிந்தது. ஆனால் நிறம் கிடையாது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு முடிவும் நிற்கவில்லை. காலையில் நிறம்தான் முக்கியம் என்பேன். மத்தியானம் சாப்பிடும்போது மவுஸ்தான் என்பேன். கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சீனன் கடை, மறுநாள் செட்டியார் அலுவலகம் என்று அலைந்தேன். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

“டாஸ் கெட்டுப் போனா செய்யிறதுக்கு ஈப்போவுல ஆளு இருக்கு. அந்த ரொட்டி டின்னு கெட்டுப் போனா கே.எல்லுக்குத்தான் தூக்கிக்கிட்டுப் போவணும். சூசா லா, ரொம்பக் கஷ்டம் தங்கச்சி,” என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை செட்டியாரிடம் கேட்டுக்கொண்டு அவருடைய பெட்டிமுன் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கல்யாணத்தைப் பதிவு செய்த நாளில் எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருந்தது. இரண்டு படங்களையும் ஸ்கேன் செய்து, அந்தப் படத்திலிருந்து கண்களை வெட்டி இந்த முகத்தில் வைத்தேன். கொஞ்சம் சிறிதாக்கினேன், ஓரத்தைக் கறுப்பாக்கினேன். நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. அவ்வளவு நேரம் நான் எழுந்திருக்கவே இல்லை.

அச்சடித்துக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிறம்தான் போய்விட்டது, ஒட்டு தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லைதான். ஆனாலும் அந்த முகத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கண் கோணலா, இமை கனமா என்று பார்த்துப் பார்த்துப் படத்தைக் கவரில் போடுவதும் எடுப்பதுமாக இரண்டு நாள் போயிற்று.

வாங்கிப்போகக் கல்யாணப் பொண்ணே வந்தாள். மாமியார் அனுப்பியதாகச் சொன்னாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். படத்தைக் கிட்டே வைத்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இப்ப அவரு யாரையோ மொறைக்கிற மாதிரி இருக்காரு.”

பழைய படத்தை எடுத்துக் காட்டச் சொன்னாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேடையில நான்தான் அவரு காதுல ஒண்ணு சொன்னேன். சிரிப்ப அடக்கத்தான் அவரு கண்ண மூடுனாரு. வாயப் பாருங்க.”

பார்த்தேன். உதடுகளை உள்ளே மடித்து இறுக்கியிருந்தார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இத்தனை நாளும் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைப் பார்க்கவே இல்லை. பதிவு அலுவலகத்தில் கேமராவை முறைத்த கண்ணும், மேடையில் சிரிப்பை விழுங்கிய வாயும் ஒரே முகத்தில் நின்றால் பின்னே எப்படி இருக்கும்?

காதில் என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். கண் திறந்த படம் மாமியாருக்கு, மூடிய படம் தனக்கு என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போனதும் எனக்கு மறுபடி அந்தப் பெட்டிமுன் போய் உட்காரவேண்டும் போல இருந்தது. சிரிக்கிற கண் எப்படி இருக்கும், கீழ் இமை எவ்வளவு ஏறும், வேறொரு படத்திலிருந்து எடுக்கமுடியுமா என்று கை பரபரத்தது. அண்ணனிடம் போய், “எனக்கு அந்தச் சின்னதுதான் வேணும்ணே,” என்றேன்.

“நாளைக்கு மாத்திப் பேசுவ.”

“மாத்த மாட்டேன். கெட்டுப் போனா நானே தூக்கிக்கிட்டுப் போறேன்.”

அண்ணன் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, நான் இன்னும் அதையே சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். ஒரு வருஷம் வரை தூசி தட்டுவதைத் தவிர அவர் அதைத் தொடவில்லை.

அண்ணன் பயந்தபடியே அது கெட்டுப்போனது. துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் போனேன். பழுது பார்க்கும் கடையில் காத்திருந்தபோது உள்மேசையில் புதிதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய திரை, நிறத்தோடு ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் மவுஸ். கடைக்காரர் மவுஸை என் பக்கம் தள்ளி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டால் அண்ணனிடம் மறுபடி மாற்றிப் பேசவேண்டி வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து தொட்டேன்.