ஆள் விழாத படம்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'நகருங்க சார்' என்று பேர். நேருக்கு நேர் யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒருநாள் போனில் ஒருத்தர் என்னிடமே, "நகருங்க சார் வீடுங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்துக்கொண்டது இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

பேர் வந்த கதை பெரிய கதையில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அரசாங்கத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் ஏறிவிட்ட கட்டடத்தைச் சொந்தக்காரரே தலைகீழாக நின்றாலும் இடிக்க முடியாது. ஏற வேண்டுமென்றால் கட்டடத்துக்கு ஒரு கோப்பு தயாராக வேண்டும். அதில் வரைபடம், வர்ணனை, நாலு பக்கத்துக்கும் படம். படம் எடுப்பவர் இவர். படத்தில் ஆள் விழக்கூடாது என்பது விதி. கட்டடத்தைப் பார்க்க வந்த இடத்தில் பக்கத்தில் நின்று பல்லிளிக்கிறவன் எதற்கு? அதனால் இவர் எந்தத் தெருவில் போய் நின்றாலும் முதல் வார்த்தை, "கொஞ்சம் நகருங்க." ஆளுக்கு, நாய்க்கு, சைக்கிளுக்கு, ஒருமுறை மாடியில் காய்ந்த ஒரு போர்வைக்குக்கூட.

அந்தக் கோப்புகள் இருக்கும் அறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கூரைவரை இரும்பு அலமாரி. எந்த அட்டையைப் பிரித்தாலும் வீடு, கடை, பள்ளிக்கூடம், பாலம். மருந்துக்கு ஒரு மனுஷ முகம் கிடையாது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்ட மாதிரி இருந்தது. "இதுக்கா இத்தனை வருஷம் வெயில்ல காயறீங்க?" என்றேன். "பாதுகாத்து வச்சிருக்கோம்மா" என்றார். யாருக்காக என்று நான் கேட்பதற்குள் அடுத்த அட்டையைப் பிரித்துக் காட்டினார்.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் என்னை ஒரு படம் எடுத்தார். ஆசையாகத் திருப்பிப் பார்த்தால், பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: 'மனைவி. தென்மேற்கிலிருந்து. பின்னணியில் தண்ணீர்த் தொட்டி.' அடப்பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தூக்கினால் நானே நகர்ந்துவிடுவேன்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் மீசைக்காரர் வந்து வாய்த்தார்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் மரப்படிக்கட்டும் வளைவு ஜன்னலும் வைத்த ஒரு மாடி வீடு. கீழே ஒரு அக்கா குடியிருக்கிறார். மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறார். தெருவில் பாதிப் பெண்கள் ஊசியில் நூல் கோர்க்கப் பழகியது அவரிடம்தான். வீடு அவருடைய தம்பி பேரில் இருக்கிறது. 'அக்கா இருக்கும்வரை இருக்கட்டும்' என்று அப்பா வாயால் சொன்னதோடு சரி, எழுதி வைக்கவில்லை. அப்பா போனபின் தம்பி, அதுதான் மீசைக்காரர், இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்றார். என் வீட்டில் ஒரு அறை தருகிறேன், வந்து இரு என்றும் சொன்னார். "தைக்க வர்ற பிள்ளைங்களையும் மெஷினையும் எங்க வைக்கிறது, உன் தலையிலயா?" என்றார் அக்கா. அன்றோடு பேச்சு நின்றது. வருஷக்கணக்கில் நின்றது.

இடிக்க அனுமதி தம்பி கைக்கு வந்ததும் அக்கா பதிவேட்டு அலுவலகத்துக்கு ஓடினார். வரைபடம் ஆயிற்று, வர்ணனை ஆயிற்று, மூன்று பக்கத்துப் படமும் ஆயிற்று. முன்பக்கப் படம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவேட்டுக் குழு கூடுகிறது. அதற்குள் அந்தப் படம் சேராவிட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும். குழு அடுத்துக் கூடுகிறபோது படம் எடுக்க அங்கே வீடு இருக்காது, அக்காவுக்கு இடமும் இருக்காது.

படத்தில் ஆள் விழுந்தால் செல்லாது என்பதை மீசைக்காரர் எப்படியோ தெரிந்துகொண்டார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் நகருங்க" என்றார் இவர்.

"என் வீடு, என் வாசல், என் நாற்காலி. நீங்க நகருங்க."

இவருடைய வாழ்நாளில் அந்த வார்த்தை இவரைப் பார்த்துத் திரும்பியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் போனார். மீசைக்காரர் வாயில் பல் துலக்கும் பிரஷோடு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் மழை. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரு ஓரமாக, மரத்துக்குப் பின்னால், எதிர்க்கடையின் பலகை மேலே என்று இவரும் எங்கெங்கோ நின்று பார்த்தார். எங்கே நின்றாலும் நாற்காலி படத்தில் விழுந்தது. உடும்புப்பிடி.

"கம்ப்யூட்டர்ல அந்தாளை அழிச்சிடுங்களேன், தன் பேரன்கூட செய்வான்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்" என்றேன்.

"ஆவணத்துல கை வைக்கச் சொல்றியா?" என்று என்னைப் பார்த்தார் பாருங்கள், நான் சோற்றில் விஷம் வைக்கச் சொன்ன மாதிரி.

ஆனால் தினமும் அங்கே இன்னொரு கூத்தும் நடந்தது. மத்தியானமானால் அக்கா ஜன்னல் வழியாக இவரைக் கூப்பிடுவார். "தம்பி, சாப்பாடு ஆறுதுன்னு அந்த நாற்காலிக்காரர்கிட்ட சொல்லுங்க."

இவர் சொல்வார். ரெண்டு அடி தூரத்தில் இருக்கிற மனுஷனுக்குத் தூது!

"எனக்கு வேணாம்னு சொல்லுங்க."

"வேணாம்னா குப்பையில போடச் சொல்லுங்க."

தட்டு படிக்கு வரும். கொஞ்ச நேரத்தில் காலியாகத் திரும்பும். ஒருநாள், "சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு, கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க" என்று தகவல் வந்தது. மீசைக்காரர் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு பனியனில் உட்கார்ந்திருக்க, மாடியில் மெஷின் கடகடவென்று ஓடியதாம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா?

வெள்ளிக்கிழமை காலையில் நானும் கிளம்பிவிட்டேன். அந்த மீசையை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். அந்த வீட்டு முகப்பில் காலையில் மட்டும்தான் வெயில் விழும். கொஞ்சம் போனால் வெயில் கூரைக்கு அந்தப் பக்கம் போய், முகப்பில் நிழல் விழுந்துவிடும். இவர் முக்காலியை விரித்து, அதன்மேல் கேமராவை ஏற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலியும் அதன் இடத்தில் இருந்தது.

"ஏங்க, கூடப் பிறந்தவங்க தெருவுல நிக்கணுமா? உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இல்லையா?" என்றேன்.

"தெருவுல யாரு நிக்கச் சொன்னா? என் வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேன். வந்தாங்களா? அப்புறம் ஒரு வார்த்தை பேசினாங்களா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாங்களா?" அவர் குரல் என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. எனக்குச் சண்டை போட வந்த வேகமே குறைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு இடிக்கிற ஆசையைவிடக் கோபம்தான் பெரிசாக இருந்தது.

கூரையின் நிழல் சுவரில் இறங்கத் தொடங்கியது. இவர் என்னைப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. அழுதுவிடுவார் போல இருந்தது.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். கையில் தட்டுமில்லை, சட்டையுமில்லை.

"விட்டுடுங்க தம்பி. அவன் வீடு. உட்காரட்டும்" என்றார் இவரிடம். பிறகு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். அத்தனை வருஷம் கழித்து நேராகத் தம்பி முகத்தைப் பார்த்துப் பேசினார். "முகத்துல வெயில் அடிச்சா உனக்குத் தலைவலி வரும். நாலு நாளா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், நெத்தியத் தேய்ச்சுக்கிட்டே இருக்கே. உள்ள வந்து உட்காருடா."

மீசைக்காரர் அசையவில்லை. மீசை மட்டும் ஆடியது.

"உள்ள வந்தா இவர் படம் எடுத்துடுவார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எடுத்தா எடுக்கட்டும். எடுக்காட்டாலும் போகட்டும். நீ வா."

சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். கதவைத் திறந்தபடியே விட்டுப் போனார். மீசைக்காரர் ஒருமுறை கடைத்தெருவைப் பார்த்தார், ஒருமுறை அண்ணாந்து வளைவு ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார். நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"கதவு திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?" என்று இவரைக் கேட்டார்.

"மூடியிருந்தா நல்லதுங்க" என்றார் இவர்.

மீசைக்காரர் உள்ளே போய்த் தன் கையாலேயே கதவைச் சாத்தினார். இவர் எடுத்தார்.

வெயில் போனபிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். கதவுக்குப் பின்னால் சத்தம் ஆரம்பித்துவிட்டது. "கல்யாணத்துக்கு வந்தியான்னு கேட்டியே, பத்திரிகையைக் கொண்டுவந்து குடுத்தியாடா? தபால்லதானே போட்டே!" என்று அக்கா கத்தினார். "நேர்ல வந்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் என்ன பண்றது?" என்று தம்பி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பிறகு பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"அழாதேக்கா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அழுதுகொண்டே சொன்ன குரல் அது.