சத்தம் இல்லை என்று ஒரு புகார்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதரை உடன் வேலை செய்கிறவர்கள் ‘அரைமாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். முழுதாக ஒரு மாடியில் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, தலை ஒரு மாடியிலும் கால் இன்னொரு மாடியிலுமாக இருப்பார். பத்தொன்பது வருடமாக இதே நிலைமை. சொந்த விஷயங்களிலும் அவர் அப்படித்தான் என்பது அவர் மனைவியின் கருத்து. அதை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. செவ்வாய்தோறும் போக வேண்டும். அதன் ஒன்பதாம் மாடிக்கு அவருடைய அக்கா குடிவந்தபோது, “எங்க தம்பி பாக்கிற லிஃப்ட்டு” என்று அண்டை அயலாரிடம் பெருமை அடித்துக்கொண்டுதான் வந்தாள். நாலாம் நாளே அந்த லிஃப்ட் அவளையும் அவள் மாமியாரையும் ஒரு பீரோவையும் விழுங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றுவிட்டது. கதவு திறந்ததும் கூட்டத்துக்கு முன்னால் அவள் சொன்னது இது: “இவனை நம்பி ஏறினேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“லிஃப்ட்டைத் திட்டு, என்னைத் திட்டாதே. பீரோவோட யார் ஏறச் சொன்னா? அவ்வளவு பயமா இருந்தா படி எதுக்கு இருக்கு?” என்றார் தம்பி.

அன்றிலிருந்து அக்கா படியில்தான் ஏறுகிறாள். ஒன்பது மாடி. இரண்டு வருடம். தம்பியோடு பேச்சு கிடையாது.

நடுவில் மாட்டிக்கொண்டது அவர் மனைவி. “அவன் சாப்பிட்டானான்னு அண்ணி கேக்கறாங்க, அவளுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு நீங்க கேக்கறீங்க. நான் என்ன தபால்காரியா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனை வாங்கி, அதில் ஒரு செயலியைப் போட்டுவிட்டாள். போன் இருக்கும் இடத்தைப் பார்த்துத் தானாக வேலை செய்கிற செயலி அது. அலுவலகத்துக்குள் நுழைந்தால் மணியை அடக்கும். கடைப் பக்கம் போனால் வாங்க வேண்டியதைச் சொல்லும். அந்தக் கட்டடத்துக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவளே எழுதினாள்: ‘அக்காகிட்ட பேசு.’

“பாருங்க, ‘ஆச்சு’ன்னு ஒரு பட்டன், ‘பிறகு’ன்னு ஒரு பட்டன். ஆச்சுன்னு அமுக்கினா எனக்கு மெசேஜ் வரும். பொய்யா அமுக்கினா அண்ணிக்கு ஒரு போன் போட்டுத் தெரிஞ்சுக்குவேன்.”

“அழிச்சிட்டா?”

“அதுக்கும் மெசேஜ் வரும்.”

கை எப்போதும் எண்ணெயாக இருப்பதால் போன் எதையும் உரக்கப் படிக்கும்படி அவர் முன்பே வைத்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வாசலில் கால் வைத்ததுமே, துக்கமும் சந்தோஷமும் தெரியாத ஒரு பெண் குரல் சட்டைப் பையிலிருந்து ஆரம்பித்தது: “அக்காகிட்ட பேசு.” ‘பிறகு’ என்று அமுக்கினால் பத்து நிமிடத்தில் மறுபடியும். அடித்தளத்தில், மொட்டைமாடி மோட்டார் அறையில், கூண்டின் தலைமேல், எல்லா இடத்திலும். அந்தச் செயலிக்கு உலகம் தட்டை. வரைபடத்தில் ஒரு புள்ளி என்றால் ஒரு புள்ளிதான். அதன் மேல் பதினாலு மாடி எழும்பி நிற்பது அதற்குத் தெரியாது.

அரைமாடி சும்மா இருக்கிற ஆளா? செயலியைச் செய்தவர்கள் பயனாளிகளின் கோரிக்கைகளுக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம், நூறு ஓட்டு விழுந்தால் செய்து தருவார்கள். உலகத்தின் மனசாட்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். ‘மாமியார் வீட்டு வாசலில் பேட்டரி தீர்ந்தது போல் காட்ட வேண்டும்’ என்று ஒருவர் எழுதி முந்நூற்று நாற்பது ஓட்டு வாங்கியிருந்தார். ‘உடற்பயிற்சிக் கூடத்தைக் கடந்து போனாலே உள்ளே போய் வந்ததாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்’ என்று இன்னொருவர்.

நம் ஆள் எழுதியது ரொம்ப யோக்கியமான கோரிக்கை: ‘மாடி எண்ணையும் பார்க்க வேண்டும். போனுக்குள் காற்றழுத்தம் பார்க்கும் சில்லு இருக்கிறது. உயரம் ஏற ஏற அழுத்தம் குறையும். அதை வைத்து மாடியைக் கண்டுபிடிக்கலாம். ஒன்பதாம் மாடியில் நின்றால் மட்டும் ஒன்பதாம் மாடி விஷயத்தைப் பேசினால் போதும்.’

ஒரு மாதத்தில் நாலு ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று அவருடையது.

அதன்பின் அவர் தூக்கம் கெட்டுப் பிரசாரத்தில் இறங்கினார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களைவிட நல்ல வாக்காளர் உலகத்தில் கிடையாது. கதவைத் திறந்துவிட்டுத்தான் கேட்பார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நின்று கேட்பார்.

“சார், மூச்சு விட்டுக்குங்க. தண்ணி வேணுமா? போன்ல சார்ஜ் இருக்கா?”

“இருக்குப்பா, ஏன்?”

“ஒரே ஒரு ஓட்டு.”

“யோவ், நான் அரை மணி நேரமா செத்துப் பிழைச்சிருக்கேன்!”

“அதான் சார், உயிரோட இருக்கிறப்பவே போட்டுடுங்க.”

எட்டு மாதம், பதினேழு கட்டடம். நூறாவது ஓட்டு ஒரு பல் டாக்டருடையது. அடுத்த மாதமே செயலி புதுப்பிக்கப்பட்டது. ‘மாடி’ என்று ஒரு கட்டம் புதிதாக வந்திருந்தது. ‘ஒரே மாடியில் இரண்டு நிமிடம் நின்றால் நினைவூட்டும்’ என்று கீழே எழுதியிருந்தது. அவர் ஒன்பது என்று போட்டார். மனைவிக்கு மெசேஜ் போயிற்று.

“ஒன்பதாம் மாடியில நீங்க எங்க ரெண்டு நிமிஷம் நிக்கப் போறீங்க?” என்றாள் அவள்.

“மாட்டேன்னு சொன்னேனா?” என்றார் அவர்.

அந்தச் செவ்வாய் போன் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று விசில் அடித்துக்கொண்டே வேலை பார்த்தார். பத்து நிமிடம் ஆனதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மறுபடி பத்து நிமிடம், மறுபடி பை. அடுத்த செவ்வாய் ஏற்கெனவே முறுக்கின நட்டை இன்னொரு தடவை முறுக்கினார். மூன்றாம் செவ்வாய் எண்ணெய் போட்ட கம்பிக்கே எண்ணெய் போட்டார். எதையோ மறந்துவிட்டு வந்தது போலிருந்தது. பெட்டியைத் திறந்து சாமான்களை எண்ணினார். எல்லாம் இருந்தன. கூண்டு ஒன்பதைக் கடக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். போன் பேசவில்லை. கடந்து போகிறவனிடம் அது ஏன் பேசப்போகிறது? நிற்கிறவனிடம்தான் பேசும். அப்படிக் கேட்டு வாங்கியது அவர்தான்.

நாலாம் செவ்வாய் காவலாளி புகார் நோட்டை நீட்டினார்.

“அண்ணே, இதை நீங்களே படிங்க. நான் படிச்சா சிரிப்பு வருது.”

‘ஒன்பதாம் மாடி. லிஃப்ட்டில் சத்தம் வருவதில்லை. மூன்று வாரமாக. உடனே வந்து பார்க்கவும்.’

பத்தொன்பது வருடத்தில் சத்தம் வருகிறது என்று ஆயிரம் புகார் பார்த்திருக்கிறார். வரவில்லை என்று ஒருத்தரும் எழுதியதில்லை.

“யார் குடுத்தது?”

“அந்தப் படிக்கட்டு அம்மாதான். சத்தம் வரலைன்னா நல்லதுதானேம்மான்னு கேட்டேன். எழுதுய்யான்னாங்க. நீங்க லிஃப்ட்லயே ஏறமாட்டீங்களேன்னேன். அது என் இஷ்டம், புகார் என் உரிமைன்னாங்க. வாயைத் திறக்க முடியுதா?”

புகார் என்று வந்துவிட்டால் அந்த மாடிக்குப் போய்த்தான் தீர வேண்டும். வேலை விதி. அரைமாடி பெட்டியோடு ஒன்பதில் இறங்கினார். அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரும் லிஃப்ட் ஓடும் சுவரும் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. அவள் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பாமல் குந்தி உட்கார்ந்து, ஒரு கோளாறும் இல்லாத லிஃப்ட் கதவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம். எழுந்து போய்விடலாம் என்று பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார். இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார், நம்பியதில்லை.

“அக்காகிட்ட பேசு” என்றது போன்.

உள்ளே பாத்திரம் நின்றது. கதவு திறந்தது.

“மறுபடி சொல்லச் சொல்லு” என்றாள் அக்கா.

“அது பத்து நிமிஷம் கழிச்சுதான் சொல்லும்.”

“பத்து மாசமா அந்தச் சுவர் வழியா வாராவாரம் கேக்கறேன்டா. அடுப்புக்கு முன்னால நின்னா அந்தப் பொம்பளை குரல் கீழேருந்து ஏறும், மேலேருந்து இறங்கும். பிறகு பிறகுன்னு தள்ளிப் போடறான், ஆனா நிறுத்தலைன்னு நினைச்சுக்குவேன். மூணு வாரமா அதுவும் இல்லை. சரி, தம்பி நம்மளை அழிச்சிட்டான்னு...” அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

“அழிக்கலை. மாடி மாத்தினேன்.”

“என்ன மாத்தினே?”

ஓட்டு, சில்லு, காற்றழுத்தம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

“நூறு பேர்கிட்ட கெஞ்சினியா?”

“ஆமா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா ஒரு ஓட்டுகூட வேண்டியிருந்திருக்காதேடா, மடையா.”

அவர் பெட்டியை மூடினார். “புகார் நோட்டுல நீ கையெழுத்துப் போடணும். நோட்டு கீழே இருக்கு” என்றார்.

அக்கா படியைப் பார்த்தாள். முட்டியைத் தடவினாள். லிஃப்ட்டைப் பார்த்தாள். “நின்னு தொலைச்சா?”

“நானும் உள்ளதானே இருப்பேன்? என்னையும் சேர்த்துத் திட்டு.”

ஏறினார்கள். கதவு மூடும் முன்பு, எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவர் ‘ஆச்சு’ என்று அமுக்கினார். கீழே கதவு திறப்பதற்குள் போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, ‘ஆச்சு’ன்னு வந்திருக்கு. தெரியாம கை பட்டுடுச்சா?”

அவர் போனை அக்காவிடம் கொடுத்தார். காவலாளி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்லைம்மா, அவனா எங்க வந்தான்? புகார் குடுத்துல்ல வரவழைச்சேன்!” என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே, ‘சரி செய்யப்பட்டது’ என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள்.

“இப்ப போட மாட்டேன். அடுத்த செவ்வாயும் வந்து பாக்கட்டும்.”