மஞ்சள் வைத்த போர்வைகளும் ஊர் இல்லாத எண்ணெயும்

"அக்கா, உங்க பெட்டியெல்லாம் ரிஜெக்ட் ஆயிருச்சு. வந்து எடுத்துட்டுப் போயிருங்க."

கம்பெனி அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் ஒரு கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டரிங்தான் என் தொழில். ஏன் திருப்பினார்கள் என்று கேட்டேன்.

"துணியில கறையாம்லா. உதவிச் சாமான் ஏத்துற ஆளுங்க கறை பட்டதை எடுக்க மாட்டாங்களாம்."

கறையா? கடையில் வாங்கிய புத்தம் புதிய போர்வைகள் அவை. கத்தியைப் பலகைமேல் போட்டுவிட்டு வேன் சாவியைத் தேடினேன். கோபம் வந்தால் எனக்குச் சாவி கண்ணில் படாது. அன்றும் படவில்லை.

ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியதற்கு மறு வருடம் அது. என் தம்பி வேலை செய்த கம்பெனி மலேசியாவின் தென்கோடியில், பெங்கெராங் பக்கம் கடலோரத்தில் இருந்தது. ஆழ்கடலில் நிற்கும் எண்ணெய்க் கப்பல்களுக்குப் படகும் ஆளும் அனுப்புவது அவர்கள் வேலை. அந்தக் கம்பெனி முதலாளிக்குத் திடீரென்று இரக்கம் பொங்கிவிட்டது. போரில் வீடிழந்தவர்களுக்குக் குளிர்காலத் துணிகள் சேகரித்துத் தாருங்கள், அனுப்பும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் சொல்லி அனுப்பினார். கோத்தா திங்கியில் எங்கள் கோயில் மாதர் பிரிவுக்கு நான்தான் அப்போது தலைவி. இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

ஜொகூரில் குளிர்காலத் துணிக்கு எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்த குளிரெல்லாம் ஏர்கோன் பஸ்ஸும் கெந்திங் மலையும்தான். பெண்கள் கெந்திங் போனபோது வாங்கிய குளிர்ச்சட்டையை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றில் முதுகு முழுக்க மினுமினுப்பு மணி. ஒன்றில் வாய் பிளந்த கரடி. அதைப் போட்டுக்கொண்டு குண்டு விழும் ஊரில் ஒரு பெண் ரொட்டிக்கு வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிலருக்கு என்மேல் வருத்தம்தான்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஆறு பொங்கி வீடெல்லாம் மூழ்கிய வருடம் நாங்களும் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக்கிடந்தோம். எங்களுக்கும் உதவித் துணி வந்தது. மூட்டையை அவிழ்த்தால் பித்தான் போன கோட்டு, ஒற்றைச் சப்பாத்து, யாரோ எப்போதோ கட்டிக் கிழித்த சேலை. வீட்டைக் கூட்டிக் குப்பையை எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு கும்பிட்டோமே, அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான், கொடுத்தால் புதிது கொடுப்போம், இல்லாவிட்டால் சும்மா இருப்போம் என்று சொன்னேன். எல்லாரும் சேர்ந்து ஜொகூர் பாருவில் மொத்தக் கடைக்குப் போய்த் தடித்த போர்வைகளாகப் பார்த்து வாங்கினோம்.

பெட்டியில் அடுக்குவதற்கு முன் நாங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். புதுத் துணியை வெறுமனே ஒருவர் கையில் கொடுப்பது நம்மிடம் இல்லை. மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு போர்வையின் ஓரத்திலும் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தோம். வைக்கும்போதே ஒரு பெண், "பனியில கிடக்கிற புள்ளைங்க, நல்லா இருக்கணும்" என்றாள். அவளுக்கு அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் கண் கலங்கித்தான் சொன்னாள்.

அந்தப் பெட்டிகளோடு முதலாளி நின்று எடுத்துக்கொண்ட படம் பத்திரிகையில் வந்தது. படம் வந்துவிட்டதல்லவா, அதற்குப் பிறகு பெட்டி போனால் என்ன, திரும்பி வந்தால் என்ன?

அந்த நாட்களில் தொலைக்காட்சியில் தினமும் இதே கூத்துதான். ஒரு நாடு மருந்து அனுப்புகிறது, ஒரு நாடு ஜெனரேட்டர் அனுப்புகிறது, ஒரு நாடு பீரங்கி அனுப்புகிறது. தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். படையெடுத்தவனிடம் இனி எண்ணெய் வாங்கமாட்டோம் என்று மேசையைத் தட்டிச் சொல்கிறார்கள். நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

"யாரு அக்கா வாங்காம இருக்கா? எல்லாரும்தான் வாங்குறாங்க. நேரா வாங்கல, அவ்வளவுதான்."

அவன் செய்த வேலையை அன்றுதான் எனக்குப் புரியும்படி சொன்னான். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இரண்டு கப்பல்களை அருகருகே கட்டுவார்கள். தடித்த குழாய்களைப் பூட்டி ஒன்றில் இருக்கும் எண்ணெயை மற்றதற்கு மாற்றுவார்கள். குழாயைப் பூட்டிக் கழற்றுகிற கூட்டத்தில் இவன் ஒருவன். காலியான கப்பல் வந்த வழியே போய்விடும். நிறைந்த கப்பல் வேறு ஒரு நாட்டுக்குப் போய், இது மலேசியாவில் ஏற்றிய எண்ணெய் என்று சொல்லும்.

"நம்ம நாட்டுல அவ்வளவு எண்ணெய் எங்கக்கா இருக்கு? ஆனா கேக்கக்கூடாது. கப்பல் பேரு மேலேயே பெயிண்ட் அடிச்சிருக்கும். உள்ளே சுவத்துல எழுத்தெல்லாம் ஒரு மாதிரி இருக்கும், ஆங்கில 'ஆர்' எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி. நாங்க ஒண்ணும் கேக்கமாட்டோம்."

நேராக வாங்கினால் பாவம், சுற்றி வாங்கினால் வியாபாரம். அந்த எண்ணெய் விற்ற காசில்தான் படையெடுத்தவன் குண்டு செய்கிறான், அந்தக் குண்டு விழுந்த வீட்டுக்குத்தான் போர்வை கேட்கிறான் இந்த முதலாளி. "இந்த வேலை உனக்கு வேணாம்டா" என்றேன். அவன் மனைவி அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். "நான் விட்டா இன்னொருத்தன் போவான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். ஊற்றினேன்.

இவ்வளவும் மண்டைக்குள் ஓட, சாவியைக் கண்டுபிடித்து வேனை ஓட்டிக்கொண்டு கம்பெனி ஜெட்டிக்கு, அவர்கள் படகு வந்து நிற்கும் துறைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கொட்டகையில் எங்கள் பெட்டிகள் பிரித்தபடி கிடந்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கறை என்று அவர்கள் சொன்னது எங்கள் மஞ்சள் பொட்டை. ஒரு பயற்றளவுகூட இல்லை. யாரோ அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் வேறு போட்டிருந்தான்.

"இது கறையா? இது மஞ்சள்!" என்று கத்தினேன். அலுவலகத்துப் பெண்ணும் தமிழ்ப் பெண்தான். அவளுக்கும் தெரியும். "தெரியும்க்கா, ஆனா அவங்களுக்கு என்னான்னு தெரியாதே. என்ன மருந்தோ என்ன விஷமோன்னு பயப்படுறாங்க. எங்கேருந்து வந்துச்சு, எதுல செஞ்சதுன்னு எழுதிக் குடுக்கணுமாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ஒரு பொட்டு மஞ்சளுக்கு ஊர் பேர் கேட்கிறார்கள். கண்ணுக்கு எதிரே கடலில் ஊர் பேர் இல்லாத எண்ணெய் கப்பல் கப்பலாகக் கைமாறுகிறது, அதைக் கேட்க ஒரு நாதி இல்லை. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜெட்டியில் ஒரே கூச்சல்.

படகு வந்திருந்தது. இரண்டு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கால் தரையில் இழுபட்டது. சப்பாத்தைப் பார்த்துத்தான் என் தம்பி என்று தெரிந்துகொண்டேன், முகம் அப்படி மாறியிருந்தது. வாயோரம் நுரை. சட்டையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். குழாயைக் கழற்றும்போது உள்ளே தங்கியிருந்த வாயு முகத்தில் அடித்ததாம், நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தானாம். முகமூடி என்று அவன் கழுத்தில் தொங்கியது துணியில் தைத்த சாதாரண மூடி. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போர்வைப் பெட்டிகளை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு அவனை என் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். மலாயில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன எண்ணெய்? எங்கிருந்து வந்தது?" எண்ணெய்க்கு எண்ணெய் உள்ளே இருக்கும் வாயு மாறுமாம். எது, எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்று தயாராக இருக்கலாம், தெரியாவிட்டால் ஊகித்துத்தான் வைத்தியம் பார்க்கவேண்டும் என்றார்.

உடனே கம்பெனி மேனேஜருக்குப் போன் அடித்தேன். யோங் பெங்கிலிருந்து வந்தவர், நம் ஆள்தான், கோயில் திருவிழாவில் என் கையால் அன்னதானம் சாப்பிட்டவர்.

"சார், டாக்டர் கேக்கிறாங்க. அது எந்த நாட்டு எண்ணெய்?"

"மலேசியா எண்ணெய்தான்க்கா."

"சார், என் தம்பி மூச்சு விட முடியாம கிடக்கிறான். எனக்கு இந்த விளம்பரப் பேச்செல்லாம் வேணாம். உண்மையச் சொல்லுங்க, அதுல என்ன இருக்கு?"

"அலமாக், அக்கா, அதான் சொல்றேனே. மலேசியா எண்ணெய். நீங்க ஏதாச்சும் வெளியில பேசி வைக்காதீங்க, அப்புறம் எல்லாருக்கும் சுசா."

எல்லாருக்கும் கஷ்டமாம். எல்லாரும் என்றால் யார்? என் தம்பி அந்த 'எல்லாரில்' சேர்த்தி இல்லையா? அந்த ஆளை நான் அன்று வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசிய எதற்கும் இன்றுவரை வருத்தமில்லை. உள்ளே எந்த வாயு இருந்தது என்று சொன்னால் எந்த எண்ணெய் என்று தெரிந்துவிடும், எந்த எண்ணெய் என்று தெரிந்தால் எந்த நாடு என்று தெரிந்துவிடும். அதைக் காப்பாற்ற ஒருவனின் நெஞ்சுக்குழியை அடைத்து வைத்தார்கள். டாக்டர் கடைசிவரை ஊகித்துத்தான் வைத்தியம் பார்த்தார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார், அவர் நன்றாக இருக்கவேண்டும். நுரையீரல் பழையபடி வராது என்பதையும் அவரே சொன்னார்.

அவன் கண் திறந்து உட்கார ஆரம்பித்த பிறகு மேனேஜர் ஒரு பழக்கூடையோடு வந்து பார்த்தார். நான் குளிக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார். நான் திரும்பி வந்தபோது தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

பிறகு அரசாங்கத்திலிருந்து வேலையிட விபத்தை விசாரிக்கும் அதிகாரி வந்தார். எனக்கு ஒரே ஆவேசம். தம்பி எழுந்து உட்காரத் தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பேர் அழித்த கப்பல், திருப்பிப் போட்ட எழுத்து, துணி முகமூடி, எல்லாவற்றையும் சொல்லு என்று காதில் ஓதினேன். ஒருவராவது கேட்க வந்தாரே என்று இருந்தது.

"விபத்து எங்கே நடந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"ஜெட்டியில" என்றான் தம்பி. "ஸ்டோர்ல ஒரு பழைய டிரம்மைத் திறந்தேன். புகை அடிச்சிருச்சு."

"கப்பலில் இல்லையா?"

"நான் கப்பலுக்கே போகல."

"பொய்!" என்று எழுந்தேன். "ஐயா, இவன் சொல்றது பொய். நான் அங்கேதான் இருந்தேன். படகுலேர்ந்துதான் தூக்கிட்டு வந்தாங்க, என் கண்ணால பார்த்தேன்."

அதிகாரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அக்கா, நீ வெளிய போ" என்றான். அம்மா போன பிறகு என் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் அவன் சொன்னதே இல்லை.

அவன் மனைவி, வயிற்றில் பிள்ளையோடு, என் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "விட்ருங்க அண்ணி" என்றாள். "ஸ்டோர்ல உக்காந்து பார்க்கிற வேலை குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இப்படிச் சொன்னாத்தான் குடுப்பாங்க. இனிமே அவரால ஒரு மாடி ஏற முடியாது. வேற யாரு அண்ணி வேலை குடுப்பா?"

திட்ட வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மேனேஜரையா, படம் எடுத்துக்கொண்ட முதலாளியையா, தொலைக்காட்சியில் கைகுலுக்கியவர்களையா? எவனும் அந்த நடைபாதையில் இல்லை. இருந்தவள் இந்தப் பிள்ளைத்தாச்சி மட்டும்தான், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கதவு முழுதாக மூடவில்லை. உள்ளே அதிகாரி, எந்த இடம், எந்த டிரம், சொல்லுங்கள் என்று கேட்பது காதில் விழுந்தது. தம்பி சொல்ல ஆரம்பித்தான். இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சு வரவில்லை. நிறுத்தினான், இருமினான், நெஞ்சைப் பிடித்து இழுத்து மூச்சு வாங்கினான். பிறகு, அந்தப் பொய்யை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தான்.