பற்றரித் தண்ணீரும் பீற்றரின் காலும்

எந்த மருந்தைக் கண்டால் பயம் என்று கிருமிகளிடமே கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. யுத்த காலம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த சின்ன லாப். சலம் என்று நாங்கள் சொல்லும் சிறுநீர், சளி, சீழ் என்று மற்றவர்கள் பார்க்க விரும்பாததையெல்லாம் உற்றுப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் என் இனம். மூக்கைப் பிடிக்காமல் வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

மற்றவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகார் என்ற கூழைக் காய்ச்சி வட்டத் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். அதன்மேல் நோயாளியின் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய பொட்டளவு காகித வில்லைகளை வைத்து, ஓர் இரவு சூட்டுப்பெட்டியில் விடுவோம். விடிந்தால் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். எந்த வில்லையைச் சுற்றி வளர மாட்டாமல் வெறும் வட்டமாக விட்டிருக்கிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். வட்டம் சின்னதென்றால் மருந்து வீண். அந்த வட்டத்தை அடிமட்டம் வைத்து அளந்து அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நான். தட்டு ஊற்றுவது பரீதா.

பரீதா கொட்டாஞ்சேனைக்காரி, என் வயதுதான். போத்தல் கழுவும் வேலைக்கு வந்தவள். யாரும் சொல்லாமலே அகார் காய்ச்சப் பழகி, ஒரு வருடத்துக்குள் அந்த அறைக்கு ராணியாகிவிட்டாள். தட்டில் கூழ் நாலு மில்லிமீற்றர் தடிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. நான் ஊற்றினால் ஒரு பக்கம் மேடாக இருக்கும். அவள் ஊற்றியதை எந்த இடத்தில் வெட்டி அளந்தாலும் நாலுதான். சான்றிதழ் வைத்திருந்த எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தவணை

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தவர் தன் தாயாரின் சலத்தைக் கொண்டுவந்தார். காலையில் பத்து மணிக்குத் தந்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளை நீளக்காற்சட்டையும் கைப்பையுமாக வந்து நின்றார். முதல் இரவு கிருமி வளர வேண்டும், இரண்டாம் இரவு வில்லை வைக்க வேண்டும், மூன்றாம் நாள்தான் அறிக்கை என்று சொன்னேன். அவசரம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவசரமென்றாலும் கிருமி தன் பாட்டில்தான் வளரும் என்றேன்.

மூன்றாம் நாள் வந்தார். தட்டில் இரண்டு வகைக் கிருமி கலந்து வளர்ந்திருந்ததால், பிரித்தெடுக்க இன்னொரு நாள் வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மனிதர் கோபிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“பிள்ளை, நான் இருபது வருஷமாக் கோட்டில நிக்கிறன். தவணை போடுறதில நீங்கள் எங்களை வெண்டிட்டீங்கள்.”

வெந்நீர்ப் போத்தல்கள்

பிறகு மின்வெட்டு வந்தது. ஒரு நாளில் பல மணித்தியாலம் கரண்ட் இல்லை. சூட்டுப்பெட்டி குளிர்ந்தால் கிருமி வளர்வது பிந்தும். அரைகுறையாக வளர்ந்த தட்டை அளந்தால் வட்டமெல்லாம் பொய் சொல்லும். லாபை மூடிவிடலாமா என்று முதலாளி டொக்டர் யோசித்துக்கொண்டிருந்தார்.

பரீதா பத்துப் பன்னிரண்டு ஹோர்லிக்ஸ் போத்தல்களைச் சேர்த்தாள். கரண்ட் போனதும் மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, போத்தல்களில் நிரப்பித் தட்டுகளைச் சுற்றி அடுக்கினாள். அரை மணிக்கொருதரம் வெப்பமானியைப் பார்த்து, ஆறிய போத்தலை எடுத்துச் சூடானதை வைத்தாள். முப்பத்தேழு பாகையிலிருந்து அது அரைப் பாகைகூட அசையவில்லை. நான் அவளை வாய்விட்டுப் பாராட்டினேன், அது எனக்கு லேசில் வராது. அவள் போத்தல் மூடியைத் திருகியபடி சொன்னாள்:

“மிஸ், கரண்ட் போனா மனிசருக்குத்தான் கோவம் வரும். இதுகளுக்கு வெக்கை இருந்தாப் போதும்.”

கிணற்றுத் தண்ணீர்

இனிச் சொல்லப்போவது என் பிழை. அகார் காய்ச்சுவதற்கு, ஆவியாக்கிக் குளிரவைத்து வடித்த தண்ணீர் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்தத் தண்ணீர் எடுக்கும் இயந்திரத்தின் ஹீட்டர் எரிந்துபோனது. லாபின் பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து வடிகட்டிப் பாவிக்கச் சொன்னேன். பரீதா முகத்தைச் சுளித்தாள். கொதித்த பிறகு என்ன கிருமி இருக்கப்போகிறது என்று நான் விளக்கம் வேறு சொன்னேன். அதோடு, அகார் சரிதானா என்று பார்க்க ஒவ்வொரு நாளும் வைக்கும் கட்டுப்பாட்டுத் தட்டை இனிக் கிழமைக்கு ஒன்று வைத்தால் போதும், அகார் மிச்சமாகும் என்றும் சொன்னேன்.

அந்தக் கிழமைதான் மட்டக்குளியிலிருந்து மேரி அக்கா வந்தார். கணவர் பீற்றர் கடலுக்குப் போகிறவர். காலில் மீன் முள் ஏறி, சீனி வருத்தமும் சேர்ந்து, புண் பாதம் முழுக்கப் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து ஒன்றும் கேட்கவில்லை. சீழைச் சோதித்து, கேட்கும் மருந்து ஒன்றாவது கிடைத்தால் பார்ப்போம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொல்லியிருந்தார்.

புதன் காலை தட்டை எடுத்தேன். ஆறு வில்லை. ஐந்தைச் சுற்றி வட்டமே இல்லை. ஆறாவது ஜென்டமைசின், அதற்குப் பதினொரு மில்லிமீற்றர் மட்டும். அட்டவணைப்படி அது போதாது. ஆறும் கேட்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேரி அக்காவிடம் நீட்டினேன். அவர் அழவில்லை. தாளை இரண்டாக மடித்தபடி சொன்னார்:

“மிஸ், காலில்லாட்டி அவருக்கு வள்ளத்துல ஏற ஏலாது. கடலத் தவிர அந்த மனுசனுக்கு வேற எதுவும் தெரியாது.”

நல்ல பிள்ளை

கட்டுப்பாட்டுத் தட்டு என்றால், பதில் முன்கூட்டியே தெரிந்த ஒரு கிருமியை வைத்துச் செய்யும் சோதனை. எந்த மருந்துக்கு எவ்வளவு வட்டம் விட வேண்டுமோ அவ்வளவு விடும். அதனால் நாங்கள் அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். நான் நிறுத்தச் சொன்ன பிறகும் பரீதா அதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை அகார் காய்ச்சும்போதும் ஒரு தட்டை எனக்குத் தெரியாமல் ஒதுக்கி, நல்ல பிள்ளையைப் பூசி, சூட்டுப்பெட்டியின் கடைசி அடுக்கில் வைத்துவந்தாள்.

மேரி அக்கா போய் ஒரு மணி நேரம் இருக்கும். பரீதா அந்தத் தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஜென்டமைசினுக்கு வழக்கமாக இருபது மில்லிமீற்றர் விடுகிற நல்ல பிள்ளை, பன்னிரண்டுதான் விட்டிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. அகாரில் அது கூடினால் இந்த வகைக் கிருமி ஜென்டமைசினுக்குத் தப்பிக்கொள்ளும். இதைப் பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியவள் நான். பரீதா எந்தப் புத்தகமும் படிக்காதவள். அவள் சொன்னது இதுதான்:

“மிஸ், நல்ல பிள்ளயும் கெட்டுப் பெய்த்து. அப்ப பிள்ளைகள்ல பிழ இல்ல, பள்ளிக்கூடத்துலதான் பிழ ஈக்கி.”

தொலைபேசி

கொடுத்த அறிக்கையைத் திருப்பி வாங்குவது எங்கள் தொழிலில் எவ்வளவு வெட்கம் என்று என் இனத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. முதலாளி டொக்டர் ஊரில் இல்லை. இன்னொருமுறை செய்துபார்த்துவிட்டு, பதில் மாறினால் சொல்லலாமே என்று ஒரு கோழைத்தனமான யோசனை எனக்கு வந்தது உண்மை. பரீதா தொலைபேசியைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்து அந்தச் சத்திரசிகிச்சை டொக்டரைக் கேட்டேன். என் அறிக்கை அவர் மேசைக்கு அப்போதுதான் போயிருந்தது. தண்ணீர் பிழை, அகார் பிழை, பிழை என்னுடையது, திரும்பச் செய்ய ஓர் இரவு வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டொக்டர் சொன்னார்:

“பிழை எண்டு தானாச் சொன்ன முதல் லாப் நீங்கள்தான். வெள்ளி காலமை எட்டு மணிக்குக் கத்தி எடுப்பன். அதுக்கு முதல் சொல்லுங்கோ.”

ஒருகொடவத்தைக் கான்

தண்ணீருக்கு எங்கே போவது? பக்கத்து லாப்களிலும் இதே கதைதான். பரீதாவின் அண்ணன், அவள் நானா என்று கூப்பிடுபவர், ஒருகொடவத்தையில் லொறி டிப்போவில் பற்றரி வேலை செய்தார். லொறிப் பற்றரிக்கு விடும் தண்ணீரும் சுண்ணாம்பில்லாத சுத்தத் தண்ணீர்தானே என்றாள். நான் மறுக்கும் நிலையில் இல்லை. ஓட்டோ பிடித்துப் போய், முத்திரை உடைக்காத ஒரு பிளாஸ்டிக் கானை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், மடியில் நிறமில்லாத திரவம் ஒரு கான். பற்றரித் தண்ணீர் என்றாள் பரீதா. லாபில் வேலை செய்கிறவர்களுக்குப் பற்றரித் தண்ணீர் எதற்கு என்று ஆமிக்காரன் கேட்டான். நான் என் அரைகுறைச் சிங்களத்தில், கிருமி வளர்ப்பதற்கு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவன் இரண்டடி பின்னால் போய்த் தோளில் தொங்கிய துவக்கைச் சரிசெய்தான். பரீதா கானைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, அவன் கண் முன்னாலேயே மடக்கென்று குடித்தாள். பிறகு ஒரு மனிதரின் கால் விஷயம் என்று ஆறுதலாக, நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“சரி அக்கே, போங்க. காலைப் பிறகு பார்க்கலாம், முதல்ல உங்க வயித்தை ஒரு டொக்டரிட்டக் காட்டுங்க.”

வியாழன் காலை

அன்று பின்னேரமே பரீதா புது அகார் ஊற்றினாள். பீற்றரின் கிருமிக்கு ஒரு தட்டு, நல்ல பிள்ளைக்கு ஒன்று. வியாழன் காலை நான் அடிமட்டத்தை அவளிடம் கொடுத்தேன். முதலில் நல்ல பிள்ளையை அளந்தாள். இருபது. தண்ணீர் சரி. பிறகு பீற்றரின் தட்டு. ஐந்து வில்லைகள் பழையபடிதான். ஜென்டமைசினைச் சுற்றிப் பதினெட்டு மில்லிமீற்றருக்குத் தெளிவான, அழகான வட்டம். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சொன்னேன், அன்றே ஊசி தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கத்தி எடுத்ததும் உண்மைதான். ஆனால் இரண்டு கால்விரல்களை எடுத்ததோடு நின்றது.

சில மாதம் கழித்து பீற்றர் லாபுக்கு வந்தார், கொஞ்சம் நொண்டினாலும் தன் காலால் நடந்து. கையில் ஒரு பெரிய பாரை மீன். பிழை விட்டது நான், கண்டுபிடித்தது இவள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு எரிச்சல் துளியும் இருக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அவர் மீனைப் பரீதாவிடம் நீட்டினார்:

“தங்கச்சி, நேத்துத்தான் திரும்ப வள்ளத்துல ஏறினன். மொத மீனு ஒங்களுக்கு. மிஸ்ஸுக்கு அடுத்த தரம் பாப்பம்.”

அந்த லாபில் நான் கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் ஒரு மனிதரின் காலைக் காப்பாற்றியதென்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் சொன்னதைப் பரீதா கேட்காததால்.