டுக்குன் வீட்டில் நின்ற கப்பல்

லேக் கார்டன்ஸ் ஜலஜாவுக்கு அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பதுதான் உத்தியோகம். சம்பளமும் உண்டு. அநாதை இல்லத்திலிருந்து தத்துக்குப் போகும் குழந்தைகளை ஆறு மாதம் போய்ப் போய்ப் பார்ப்பார். அவர் வேண்டாமென்று எழுதினால் குழந்தை இல்லத்துக்கே திரும்பிவிடும். சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஜலஜா ஒரு வாரம் முன்னாலேயே கார்டு போட்டுவிடுவார். நான் என்ன திருடனையா பிடிக்கப் போகிறேன் என்பார். மேலதிகாரிக்கு இதில் ஏக வருத்தம்.

1997இல் பாலிகஞ்ச் அனந்தகிருஷ்ணனுக்கும் அப்படித்தான் கார்டு போனது. துறைமுக அலுவலகத்தில் வேலை. அவரும் மனைவி கோமதியும் ஐந்து வயது சுபிக்ஷாவை அழைத்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்குத் தமிழ் சரளம்.

ஜலஜா போனபோது கூடம் கண்காட்சி போல இருந்தது. ஆர்மோனியம், மீன்தொட்டி, சைக்கிள், பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம்.

"எல்லாம் குழந்தைக்குத்தான்" என்றாள் கோமதி.

"மீன் எதிராத்து டுக்குன் தாதாவோடது" என்றாள் சுபிக்ஷா. வங்காளியில் தாதா என்றால் அண்ணா, மாஷிமா என்றால் பெரியம்மா. "ஆர்மோனியம் மாடி மாஷிமாவோடது. சாயங்காலம் குடுத்துடணும், அவா பாடணும்."

அனந்தகிருஷ்ணன் மீனைப் பார்த்தார். மீன் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"இதுல உன்னோடது எதுடி?" என்றார் ஜலஜா.

"என்னோடது டுக்குன் தாதா ஆத்துல இருக்கு. அசிங்கமா இருக்குன்னு அம்மாதான் அங்க வெச்சா."

கையைப் பிடித்து இழுத்துப் போனாள். எதிர்வீட்டுக் கட்டிலை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு கப்பல். டிவி வந்த அட்டைப்பெட்டிகள், பவுடர் டின் புகைபோக்கி.

"அப்பா பண்ணினா. ரெண்டு பேர் உட்காரலாம். அம்மா ஏறினா ஓரம் கிழியும். ஆனா ஏறுவா."

திரும்பி வந்ததும் கோமதி கேட்டாள், "எழுதிடுவேளா மாமி?"

"அதுக்குத்தானே சம்பளம்."

அங்கேயே எழுதி, படித்தும் காட்டினார். அதுவும் விதியில் இல்லை.

"இவ்வீட்டில் பொய் சொல்பவர்கள் இருவர். இருவருக்கும் பயிற்சி போதாது. குழந்தை அவர்கள் எதிரிலேயே பயமின்றி உண்மை பேசுகிறது. இங்கேயே இருக்கட்டும்."

"பயிற்சி போதாதுன்னா போட்டிருக்கேள்?" என்றார் அனந்தகிருஷ்ணன், கொஞ்சம் குறையாக.

அதன் பிறகு சுபிக்ஷாவுக்குப் பல் ஆடினாலும் முதல் போன் ஜலஜாவுக்குத்தான்.

கோர்ட்டு உத்தரவுக்கு முந்தைய கடைசி வருகைக்கும் கார்டு போனது. இந்த முறை கூடமெங்கும் பென்சில் சீவல், கவிழ்ந்த கப்பல், பாதி தின்ற லுச்சிப் பூரி.

"வீடுன்னா இப்படின்னா இருக்கணும்" என்று மெச்சினார் ஜலஜா.

"கார்த்தாலதான் கலைச்சோம்" என்றாள் சுபிக்ஷா. "லுச்சி மட்டும் டுக்குன் தாதாவோடது."