பூச்சட்டி லேபிளும் இருண்ட மானிட்டரும்

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், சிவகாசியில் ஒரு பேப்பர் கட்டிங் கடைக்கு மேல்மாடியில் லேபிள் டிசைன் செய்யும் சின்னக் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். கடை வைத்திருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விருதுநகரில் தலைமுறையாகப் பருப்பு வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம் அவருடையது. மண்டியில் உட்காரப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கற்றுக்கொண்டு தனியாக வந்தவர். என் அம்மா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலையில் இருந்தாள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான்தான்.

பெரிய பிரஸ்களில் எல்லாம் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் இருந்தது. எங்களிடம் இல்லை. அது ஒரு குறையாகவே அண்ணனை அரித்துக்கொண்டிருந்தது.

"மேக் இல்லன்னு தெரிஞ்சா பெரிய ஆர்டர்காரங்க நம்ம படியேற மாட்டேங்காகம்மா" என்பார்.

அசல் மேக் வாங்க எங்களால் முடியாது. சாதாரண கம்ப்யூட்டரிலேயே மேக் சிஸ்டத்தை ஓட்டலாம் என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு, மதுரைக்குப் போய் மதர்போர்டும் பிராசஸரும் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தார். தனியாக கிராபிக்ஸ் கார்டு போடவில்லை. மதர்போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும் என்று அதே இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்கள். பல நாள் போராட்டத்துக்குப் பிறகு, ஒரு மத்தியானம் திரையில் மேக் வந்து நின்றபோது கீழே பேப்பர் வெட்டுகிறவர்களைக் கூட்டிவந்து காட்டினார். அவர்களும் மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மிஷினில் நான் செய்த முதல் பெரிய வேலை, புஸ்வாணம் என்று சொல்வார்களே, அந்தப் பூச்சட்டிக்கு ஒரு லேபிள். அம்மா வேலை பார்த்த அதே கம்பெனிக்கு. பழைய லேபிளை மாற்றப்போகிறார்கள், நல்லதாக ஒன்று வரைந்து காட்டினால் ஆர்டர் தருகிறேன் என்று கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். அப்போது லேபிள் என்றால் சாமி படம், நடிகை படம், இல்லாவிட்டால் வெள்ளைக்காரக் குழந்தை. கொளுத்திய பூச்சட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணை நான் வரைந்தேன். கீழேயிருந்து வரும் வெளிச்சத்தில் அவள் முகம் பாதி தங்கமாகவும் பாதி இருட்டாகவும் இருக்கும். அம்மாவின் முகம்தான் அது. யாரிடமும் சொல்லவில்லை. மூட்டுவலியால் அந்த சீசனோடு அம்மா வேலையை விடுவதாக இருந்தாள். அதற்குள் இந்த லேபிள் அச்சாகி வந்தால் அவள் கையாலேயே ஒட்டுவாள் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

முதலாளி பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய தினம், கம்பெனியின் புது முத்திரைப் படம் சென்னையிலிருந்து மெயிலில் வந்தது. எங்களிடம் இருந்த சாப்ட்வேரில் அது திறக்கவில்லை. புது சாப்ட்வேர் போட வேண்டும். அதற்கு மேக் சிஸ்டத்தையே அப்டேட் செய்ய வேண்டும். வேறு வழியில்லாமல் அண்ணன் அப்டேட் செய்தார். நல்லபடியாகத்தான் முடிந்தது. மிஷின் ஒருமுறை தானாக அணைந்து, திரும்ப வந்தது. சாம்பல் நிறத் திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது. பிறகு மானிட்டர் இருண்டு, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது.

மறுநாள் காலையில் கடை திறந்ததிலிருந்து அதனோடுதான் மல்லுக்கட்டினோம். அண்ணன் ராம் கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டார். போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியை எடுத்துவிட்டு மாட்டினார். மானிட்டரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் மிஷினை முழுதாக அணைத்துவிட்டுத்தான் வயரைத் தொடுவார். ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது என்பது அவர் யாரிடமோ தொழில் கற்றபோது பழகியது. ஒவ்வொரு முறையும் அதே சக்கரம், அதே இருட்டு. இதில் வினோதம் என்னவென்றால் மிஷின் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீபோர்டில் சத்தத்தைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் ஸ்பீக்கரில் 'பொளக்' என்று பதில் வரும்.

"உசிரு இருக்கும்மா. முகத்தத்தான் காட்ட மாட்டேங்கு" என்றார் அண்ணன்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டோம். அது விண்டோஸ்; மேக்கின் டிஸ்க்கை அதற்குப் படிக்கத் தெரியவில்லை. திரும்பப் பழைய மிஷினிலேயே மாட்டி ஆன் செய்த நேரத்தில்தான் முதலாளி படியேறி வந்தார்.

"வாங்க, உக்காருங்க. டீ சாப்பிடுதீகளா?" என்றார் அண்ணன். அவர் சட்டையெல்லாம் வியர்வை.

முதலாளி நல்ல மனிதர். கோபப்படவில்லை. என் பென்சில் ஸ்கெட்சை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"வரைஞ்சது நல்லாத்தாம்மா இருக்கு. பூச்சட்டின்னா கலர்லதான இருக்கு எல்லாம்? கலரப் பாக்காம எப்படி அச்சடிக்கச் சொல்ல?"

"நாளைக்குக் கட்டாயம் காட்டிருதோம்" என்றேன்.

"நான் ராத்திரி வண்டிக்கு வடக்க கிளம்புதேன். போகுமுன்ன லேபிள் முடிவாகணும். லேபிளுக்காக லோடு நிக்கி" என்றார். ஸ்கெட்சை மடக்காமல் அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அண்ணன் மறுபடி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். சாயங்காலமே வேறொரு பிரஸ்ஸில் குழந்தைப் படம் போட்ட லேபிளை முடிவு செய்துவிட்டதாகத் தெரியவந்தது.

சில வாரம் அந்த மிஷின் ஓரமாகக் கிடந்தது. அண்ணன் எப்போதாவது அதை ஆன் செய்துவிட்டு இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் அப்படி விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தபோது, விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு மானிட்டர் தேவைப்பட்டது. மிஷின் ஓடுவதைக் கவனிக்காமல் கேபிளை உருவிவிட்டேன். தவறு புரிந்து, பயந்துபோய்த் திரும்பச் செருகினேன். திரை ஒரு கணம் நீலமாகி, மேக் வந்துவிட்டது. நான் வைத்திருந்த இடத்தில் அந்த லேபிளின் பைல் அப்படியே இருந்தது.

காரணத்தைப் பிறகு இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தோம். அப்டேட்டுக்குப் பிறகு போர்டு கிராபிக்ஸ் தன்னிடம் இரண்டு திரை இருப்பதாக நினைத்துக்கொண்டதாம். படத்தை எல்லாம் இல்லாத திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஓடும்போதே கேபிளை ஒருமுறை உருவிச் செருகினால், மானிட்டர் எங்கே என்று மறுபடி தேடிப் பார்த்துச் சரியாகிவிடும். அவ்வளவுதான். அன்று முதலாளி எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, லேபிளைத் திரைக்குக் கொண்டுவர அந்த ஒரு காரியம் போதுமாக இருந்திருக்கிறது. அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மாவைக் கடைக்குக் கூட்டிவந்து காட்டினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குத் தாயி இம்புட்டுப் பெரிய கண்ணு வச்சிருக்க?" என்றாள்.

நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். அன்று காலை முழுக்க அந்தக் குழந்தைப் படத்தைத்தான் பெட்டி பெட்டியாக ஒட்டிவிட்டு வந்திருந்தாள். சேலைத் தலைப்பால் திரையைத் தொட்டும் தொடாமலும் ஒருமுறை துடைத்தாள். தீபாவளிக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை.

மறுவருஷம் அண்ணன் கடையை மூடிவிட்டு விருதுநகரில் குடும்ப மண்டிக்கே திரும்பினார். நான் பெரிய பிரஸ் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே அசல் மேக். எத்தனையோ லேபிள் செய்தேன். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட அம்மா கை பட்டு ஒட்டியது இல்லை.

போன வருஷம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருந்தேன். அவர் தாடி நரைத்திருந்தது. சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, வேறு எதுவோ சொல்ல வந்தவர் போல நின்றார்.

"அன்னைக்கு முதலாளிட்ட சாயங்காலம் வரைக்குமாவது டைம் கேட்டிருக்கணும்மா" என்றார்.

"கேட்டிருந்தாலும் நமக்கு அப்ப தெரியாதேண்ணே."

"தெரியாதுதான்." மண்டப வாசலில் வந்த ஒருவருக்குக் கை காட்டிவிட்டுத் திரும்பினார். "ஆனாலும் கேட்டிருக்கணும்."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரோ கூப்பிட, விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார்.