அத்தைக்கு மேலே ஒரு காலிக் கட்டம்

படங்களுக்கு பிரேம் போடும் கடைக்காரருக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துக் கோணல் பார்க்கும் அந்தச் சாமானுக்கும் இவருக்கும் ஒரே குணம். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடச் சாய்ந்து தொங்கும் படத்தை முதலில் நேராக்கிவிட்டு, அப்புறம்தான் அழ ஆரம்பிப்பார். அறுபதை நெருங்கியும் மனுஷர் திருந்தவில்லை.

கடை தாத்தா காலத்தது. முன்பக்கம் கண்ணாடி அறுக்கிற மேசை, அதன்மேல் கிழிந்த கம்பளி. பின்பக்கம் சுவர் நெடுக மரச்சட்டங்கள். தாத்தா வைத்த வழக்கம் ஒன்று அங்கே இன்றும் நடக்கிறது. பழைய பிரேமுக்குள் புதுப் படம் போடச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், பழைய படத்தைத் தூக்கி எறிய மாட்டார்கள். புதுப் படத்துக்குப் பின்னால் அதையே அண்டக் கொடுத்து மூடிவிடுவார்கள். மனுஷ முகத்தைக் குப்பையில் போடக் கூடாது என்பது தாத்தாவின் கட்சி. அட்டைச் செலவு மிச்சம் என்பது ரசமட்டத்தின் கட்சி. ஆக, ஊரில் பல வீடுகளில் பட்டம் வாங்கிய பேரனுக்குப் பின்னால், பரீட்சையில் கோட்டை விட்ட பெரியப்பா சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ரசமட்டத்துக்கு உயிர் என்றால் அவருடைய அத்தைதான். தாத்தாவின் மூத்த மகள், ஆனால் பாட்டி பெற்றவர் அல்ல. பாட்டிக்கு முன்னால் தாத்தாவின் வாழ்க்கையில் ஒரு பெண் இருந்தாள், அத்தையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தாத்தா அவளைக் கல்யாணம் செய்துகொண்டாரா என்று கேட்டால் பெரியவர்களுக்கெல்லாம் திடீரென்று இருமல் வந்துவிடும்.

அத்தை கல்யாணமே வேண்டாம் என்று தம்பிகளை வளர்த்தார், தாயில்லாத ரசமட்டத்தையும் வளர்த்தார். குடும்பமாகப் படம் எடுக்கும்போது மட்டும், “நீங்கல்லாம் நில்லுங்க” என்று ஓரத்துக்கு நழுவிவிடுவார். பிரேம் போட்டால் ஓரம் கொஞ்சம் சட்டத்துக்குள் போகத்தான் செய்யும். ஒரு படத்தில் அத்தைக்குத் தோள் இருக்காது, இன்னொன்றில் காது இருக்காது. மறைத்தது தன் கைதான் என்பது ரசமட்டத்துக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

அத்தை வளர்த்த தம்பிகளில் ஒருவரான சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணக்குத் தணிக்கை செய்து செய்து, சொந்த வீட்டாரிடமும் அத்தாட்சி கேட்கும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பொழுது போகாமல் வம்சாவளியைப் பெரிய தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார். எல்லாரும் கூடும் நாளில் கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. அதில் அத்தையின் கட்டத்துக்கு மேலே, அம்மா இருக்க வேண்டிய கட்டம் காலி.

ஓரத்திலேயே நின்று பழகிய அத்தை அன்றைக்கு வாயைத் திறந்தார்.

“ஏன்டா தம்பி, நான் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சேன்? எங்கம்மாவை அதுல போடு.”

“பேரு போடலாம் அக்கா. சம்சாரம்னு போட ஆதாரம் வேணுமே. கல்யாணம்னு ஒண்ணு நடந்திருந்தா வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்காதா? ‘என் பையன் எங்களுக்குத் தெரியாம சேர்த்துக்கிட்டவ’ன்னு அப்பாவைப் பெத்த நம்ம தாத்தாவே சொல்லுவாராம்.”

அத்தை எழுந்து வந்துவிட்டார். இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ரசமட்டம் கடையைச் சாத்திவிட்டு ஆதாரம் தேடக் கிளம்பினார். பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். அத்தையின் பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. பிறப்புப் பதிவில் அம்மா பெயர் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினால், “இது பிறந்ததுக்குத்தான்டா ஆதாரம்” என்றார் சித்தப்பா. பதிவு அலுவலகத்துக்கு நாயாக அலைந்தார். “அந்தக் காலத்துல யாரு சார் கல்யாணத்தைப் பதிவு பண்ணாங்க?” என்று அங்கிருந்தவர் கொட்டாவி விட்டார். வம்சாவளிக்கு பிரேம் போடும் வேலையும் இவர் தலையில்தான் விழுந்தது. காலிக் கட்டத்தோடு அதற்குக் கண்ணாடி போட்டபோது கை கூசியது.

பிரேமைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். அத்தையும் கூட வந்தார். கூடத்தில் தாத்தாவும் பாட்டியும் இருக்கும் கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு அங்கேதான் இதை மாட்ட வேண்டும். அந்தப் படம் எப்போது பார்த்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கும். அதை நேராக்கி நேராக்கியே ரசமட்டத்துக்கு வயதாகிவிட்டது. ஆனால் ஆணியை விட்டு இறக்கியது இன்றைக்குத்தான். கையில் வாங்கியதும் கனம் கூடுதலாகத் தெரிந்தது. பின்னட்டையைத் தடவினார், புடைத்துக்கொண்டிருந்தது. பிரேம் போட்டது யார்? தாத்தாவே. ரசமட்டம் தலையில் அடித்துக்கொண்டார்.

“சித்தப்பா, குறடு இருக்கா?”

“டேய், அது எங்கம்மா படம்டா! உடைச்சுத் தொலைச்சுடாதே!”

ஆணிகளைப் பிடுங்கிப் பின்னட்டையை எடுத்தார். பாட்டிக்குப் பின்னால் இன்னொரு படம். இளவட்டத் தாத்தா, பக்கத்தில் ஒரு பெண், இருவரும் மாலையும் கழுத்துமாக. அது மட்டுமா? இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, தாத்தாவைப் பெற்றவர்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“இவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதாமா? முன்வரிசையில உக்காந்திருக்காரு, பெரிய மனுஷன்!” என்றார். பேனாவைத் தேடி எடுத்து வம்சாவளியின் மேல் கொண்டுபோனால், குறுக்கே கண்ணாடி. “இதையும் கழட்டுடா!”

அத்தை மாலையைப் பார்க்கவில்லை, முன்வரிசையையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் விரலை வைத்தபடி இருந்தார்.

“எங்கம்மா முகத்தை இப்பத்தான்டா பாக்குறேன்” என்றார். இன்னும் குனிந்து பார்த்துவிட்டு ரசமட்டத்திடம், “உன் பொண்ணு வயசுகூட இல்லையேடா. எவ்வளவு சின்னவ” என்றார். எண்பது வயது அத்தை, அந்தச் சின்னப் பெண்ணுக்காக அழுதார். ரசமட்டமும் அழுதார். சுவரில் நாட்காட்டி கோணலாகத்தான் இருந்தது, அதை அவர் நேராக்கவில்லை.

எல்லாரும் கூடிய நாளில் எடுத்த குடும்பப் படத்தில் நடு நாற்காலி அத்தைக்கு. மடியில் அவர் அம்மாவின் படம். ஓரத்தில் இடம் கிடைத்தது சித்தப்பாவுக்கு. அந்தக் குடும்பப் படம் பிரேம் போடக் கடைக்கு வந்தபோது சித்தப்பாவின் காது கொஞ்சம் சட்டத்துக்குள் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார் ரசமட்டம்.